கை கழுவுதல்

"நாளைலேர்ந்து வர வேண்டாம்" என்று மேலாளர் சொன்னதில் உள்ளர்த்தம் ஒரு மண்ணும் இல்லை. அதைக் கேட்டு ஒன்பது நாளாகிறது.

லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். இது மூன்றாவது கம்பெனி. மூன்றிலும் என் வேலையில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. வாய்தான் என்னைக் கெடுத்தது. தேய்ந்துபோன கம்பிவடத்தை மாற்றாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்த மேலாளரிடம், குடியிருப்பவர்கள் முன்னாலேயே, "உங்க பிள்ளையை இதுல ஏத்துவீங்களா?" என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்து நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

போன வேலை போனபோது என் மனைவி ஒன்றுதான் சொன்னாள்: "இன்னொரு தடவை இப்படி நடந்தா, பொண்ணைக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்." பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். பேச்சு குறைவு, ஆனால் சொன்னால் செய்வாள். அதனால் வேறு வேலை கிடைக்கும்வரை மூச்சுவிடக் கூடாது என்று இருந்தேன். தினமும் காலையில் கருவிப் பையை மாட்டிக்கொண்டு, "வேலைக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பித் தெருத்தெருவாக அலைந்தேன். எங்கேயும் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

எங்கள் மகளுக்கு எட்டு வயது. தொணதொணவென்று கேள்வி கேட்பதால் வீட்டில் தொணா. நேற்று மாலை நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். 'கை கழுவுதல்' என்பதை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னதற்கு, 'நான் சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன்' என்று எழுதியிருந்தாள். டீச்சர் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டிருந்தார்.

"சோப்பு கூடப் போட்டேன்பா," என்றாள். கண் கலங்கியிருந்தது.

"அது மரபுத்தொடர்மா. சொல்றது ஒண்ணு, அர்த்தம் வேற ஒண்ணு. ஒருத்தரை இனிமே வேண்டாம்னு விட்டுடறதைத்தான் கை கழுவறதுன்னு சொல்றோம்."

"யாரு, யாரை விட்டாங்க?"

கம்பெனி, ஆளை என்று வாய்வரை வந்துவிட்டது. "யாரோ யாரையோ. எழுது," என்றேன்.

மறுநாள் அதில்தான் பரீட்சை. நோட்டில் உவமை, உருவகம், மிகை, மரபுத்தொடர் என்று நாலு கட்டம். ஒவ்வொரு வாக்கியத்தையும் அதனதன் கட்டத்தில் எழுத வேண்டும். "அம்மா புயல் போல வந்தாள்னா உவமை. அந்தப் 'போல'வை எடுத்துட்டு, அம்மாவே புயல்னு சொன்னா உருவகம்," என்றேன்.

"யாரு புயல்?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. தொணா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மிகைன்னா?"

"உன்னை நூறு தடவை கூப்பிட்டேன்னு சொல்றோமே, அது."

"மூணு தடவைதானே கூப்பிட்டீங்க. அப்போ பொய்யா?"

"பொய் இல்ல. நூறு இல்லைன்னு சொல்றவங்களுக்கும் தெரியும், கேக்கறவங்களுக்கும் தெரியும். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா அது பொய்யாகாது."

அடுத்து வந்தது 'காதில் பூச்சுற்றுதல்'. "ஏமாத்தறது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினேன்.

இன்று காலை ஷூவை மாட்டிக்கொண்டு வழக்கம்போல், "வேலைக்குப் போயிட்டு வரேன்" என்றேன்.

தொணா நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாள். "அப்பா, இது எந்தக் கட்டத்துல வரும்?"

"எதும்மா?"

"வேலைக்குப் போயிட்டு வரேன்ங்கறது. நேத்து ஸ்கூல் வேன்லேர்ந்து பாத்தேன். பஸ் ஸ்டாண்டுல சும்மா உக்காந்திருந்தீங்க. முந்தாநாளும் அங்கதான் இருந்தீங்க. அப்போ சொல்றது ஒண்ணு, அர்த்தம் வேற ஒண்ணுதானே? இது மரபுத்தொடரா?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அங்கே ஒரு ஆளைப் பார்க்கப் போனேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. சொல்லியிருந்தால் தொணா நம்பியிருப்பாள். அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

"மரபுத்தொடர் இல்லம்மா," என்றேன்.

"ஏன்?"

"அம்மாவுக்கு இது தெரியாது."

"அப்போ என்ன அது?"

"பொய்."

தொணா நாலு கட்டத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "பொய்க்குக் கட்டம் இல்லையேப்பா," என்றாள்.

மனைவி சாப்பாட்டு டப்பாவோடு வாசலுக்கு வந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"இந்தத் தடவை யாரைத் திட்டுனீங்க?" என்றாள்.

"மேலாளரை."

என் பக்கம் இருந்த நியாயத்தைச் சொல்ல வாய் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இவளை வேன்ல ஏத்திட்டு வரேன். வந்ததும் ஒண்ணு விடாம சொல்லுங்க. நீங்க அவரைச் சொன்ன வார்த்தையையும் சேத்து. அப்புறம் அக்காவுக்கு போன் பண்றதா வேண்டாமான்னு நான் முடிவு பண்றேன்."

இருவரும் படியிறங்கினார்கள். "நீங்க அழறீங்களாம்மா?" என்று தொணா கேட்பது மேலே கேட்டது. நான் குனிந்து ஷூவைக் கழற்றப் பார்த்தேன். முடிச்சு அவிழவே இல்லை.