முழங்கை உயரம்

ஒரு சின்னப் படகுக்கு ஸ்டீயரிங் வாங்க இவ்வளவு தொண்டை வறளப் பேச வேண்டுமா என்று யாருக்கும் தோன்றும். தம்பிக்கு வேண்டியிருந்தது. பதினோரு நாளாக அண்ணனிடம் வேறு பேச்சே இல்லை. காரணம் அவன் சட்டைப் பையில் நாலாக மடிந்து கிடந்தது. ஐஸ் பேக்டரியின் மெஷின் அறையில் வேலை, திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்று ஒரு கடிதம். அதை வீட்டில் யாரிடமும் அவன் காட்டவில்லை.

பதினாறு வருடமாக அவனுடைய இடம் படகின் பின்மூலை. என்ஜினின் கைப்பிடியை இடது கையில் பிடித்துக்கொண்டு, கழுத்தை ஒருபக்கமாகத் திருப்பியபடி உட்கார்ந்திருப்பான். முன்னால் அண்ணன் வலை இழுப்பார். சுற்றிலும் அவ்வளவு பெரிய கடல். அதில் அவன் பங்குக்கு வந்தது இரண்டடிப் பலகை. போன மழைக்காலத்தில் அண்ணனுக்குத் தோள் மூட்டு நழுவி, வலது கையின் வலு பாதியாகிவிட்டது. வலையை எப்படியோ இடது கையாலும் பல்லைக் கடித்தும் சமாளித்தார். அந்தக் கைப்பிடியை மட்டும் பிடிக்க முடியாது, உதறித் தள்ளிவிடும். தம்பி விலகினால் படகு கரையேற வேண்டியதுதான்.

"நான் போறேன்" என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அதனால் தனக்குப் பதிலாக ஸ்டீயரிங்கைப் பேச விட்டான்.

"நடுவுல சக்கரம் வெச்சா, வலை இழுக்கற இடத்துலயே நின்னு ஓட்டலாம்ணா. ஒரே ஆள் போதும்."

"ஒரே ஆள் போதுமா?" என்று அண்ணன் ஒவ்வொரு முறையும் திருப்பிக் கேட்பார். கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்.

அப்படி அரித்து அரித்துத்தான் கடைசியில் சனிக்கிழமை காலை படகையும் அண்ணனையும் பட்டறைக்குக் கொண்டுவந்து சேர்த்தான். தகரக் கொட்டகை. ஃபைபர் தூள் மூக்கை அரித்தது. மெக்கானிக் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, மேஜையில் பொருத்தியிருந்த இரண்டு சக்கரங்களைக் காட்டினார். நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் உடம்பு இளைத்துவிடும் என்று நினைப்பவர் அவர்.

"இது கேபிள். விலை கம்மி. பிடிச்சுப் பாருங்க."

அண்ணன் வலது கையால் பிடித்தார். மறுமுனையை மெக்கானிக், என்ஜின் தள்ளுவதுபோல் ஒரு தள்ளு தள்ளினார். சக்கரம் வெடுக்கென்று திரும்பியது. அண்ணன் முகம் சுருங்கியது. விலை கம்மி என்று இதையே எடுத்துவிட மாட்டார் என்று தம்பி, பாவம், உள்ளுக்குள் சந்தோஷப்பட்டான். பட்டதற்காக வெட்கமும் பட்டான்.

"உப்பு ஏறினா இன்னும் இறுகும். இது ஹைட்ராலிக். எண்ணெயில ஓடுது. விட்ட இடத்துல நிக்கும்."

இந்த முறை எவ்வளவு தள்ளியும் சக்கரம் அசையவில்லை. அண்ணன் அதை இரண்டு விரலால் திருப்பினார். இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று.

"கையே வேண்டாம் போலிருக்கே" என்றார்.

தம்பிக்கு மெஷின் அறையின் இரைச்சலே காதில் கேட்டுவிட்டது. ஆடாத சிமெண்டுத் தரை, தலைக்கு மேல் கூரை. இன்னும் ஒரு மணி நேரம். சக்கரத்தைப் பொருத்தட்டும், சொல்லிவிடலாம்.

படகின் நடுவே, சக்கரத்தைப் பொருத்த ஃபைபர் பெட்டி தயாராக நின்றது. மெக்கானிக் பென்சிலை எடுத்தார். "யார் ஓட்டப் போறது? முழங்கை உயரத்துக்குத்தான் சக்கரம் வைக்கணும். துளை போட்டா போட்டதுதான், அப்புறம் மாத்த முடியாது."

"அண்ணன்தான்" என்றான் தம்பி.

"நான் எதுக்கு? இவனுக்குப் பாருங்க." அண்ணன் அவன் தோளைப் பிடித்துப் பெட்டிக்குப் பின்னால் நிறுத்தினார். "டாக்டர் அப்பவே கடலுக்குப் போகாதேன்னுட்டார்டா. உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிப் படகை விட்டு இறங்கறதுன்னு வாயைத் திறக்காம இருந்தேன். ஒரே ஆள் போதும்னு நீ சொல்லச் சொல்லத்தான் எனக்குப் பாரம் இறங்குச்சு. நேத்துப் போய்ப் படகை உன் பேருக்கு மாத்தி எழுதிட்டேன்."

அண்ணன் கண் கலங்கி அவன் அதுவரை பார்த்ததில்லை. தன் வாயாலேயே தனக்குப் பூட்டு செய்து, சாவியையும் கொடுத்துவிட்டது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கடிதத்தை இப்போதே எடுத்து நீட்டலாம். கை பை வரை போனது, அங்கேயே நின்றது.

"நிமிர்ந்து நில்லுங்க, முழங்கையை மடக்குங்க" என்றார் மெக்கானிக்.

அண்ணன் அவனைவிட ஒரு சாண் உயரம். என்ன நினைத்தானோ, தம்பி மெல்லக் குதிகாலைத் தூக்கினான். சக்கரம் அண்ணன் உயரத்தில் ஏறிவிட்டால் அது அண்ணனுடையதாகிவிடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். முழங்கை ஒரு விரல் ஏறியது, இரண்டு விரல் ஏறியது. கெண்டைக்கால் நடுங்கியது.

அண்ணன் பார்த்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடகடவென்று சிரித்தார். "இவன் ஸ்கூல் போட்டோவிலும் இப்படித்தாங்க எக்குவான். டேய் குள்ளா, இறங்குடா. உன் உயரம் எனக்குத் தெரியாதா?"

மெக்கானிக்கும் சிரித்துவிட்டார். தம்பியின் குதிகால்கள் கீழே வந்தன. பென்சில் பெட்டியில் ஒரு கோடு போட்டது, சரியாக அவன் முழங்கைக்கு நேராக. அவன் குனிந்து, தான் நின்ற இடத்தைப் பார்த்தான். பெட்டிக்கும் பின்னாலிருந்த குறுக்குப் பலகைக்கும் நடுவில் அதே இரண்டடிதான் இருந்தது.

டிரில்லிங் மெஷினின் முனையைக் கோட்டில் வைத்துக்கொண்டு மெக்கானிக் அவனைப் பார்த்தார். "போடட்டுமா?"

அண்ணனும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், முகமெல்லாம் சிரிப்பாக.

"போடுங்க" என்றான்.