வேலையில்லாத விரல்

தோல் கிடங்கில் அவனை எல்லோரும் சுத்தியல் என்றுதான் கூப்பிட்டார்கள். வலது கையால் ஒன்று வைத்தால் எதிரே நிற்பவன் உப்புத் தோல் கட்டு மாதிரி விழுவான். அந்தக் கைக்குப் பயந்துதான் லாரி இறக்கும் வேலை அவன் அண்ணன் ஆட்களிடமே நின்றது.

இன்று காலை அந்த வேலையைப் பிடுங்க, அடுத்த வாசலில் சுமை இறக்குகிறவர்கள் இரும்புக் கம்பியோடு வந்தார்கள். "ஒண்ணு வைடா" என்று அண்ணன் கத்தியும் சுத்தியல் இரண்டு கைகளையும் அக்குளில் சொருகிக்கொண்டு காலால் மட்டும் உதைத்தான். அண்ணனுக்கு முன்பல் போனது. வேலையும் போனது.

அறைக்கு வந்ததும் அண்ணன் கட்டிலடியில் குனிந்து லூட்டை வெளியே இழுத்தான். பேரிக்காயைப் பாதியாகப் பிளந்தது போல வயிறு வைத்த நரம்பு வாத்தியம். ஐந்நூறு வருஷத்துப் பழைய மெட்டுகளை எளிதாக்கிப் போட்ட புத்தகத்தை வைத்துத் தம்பி அதைப் பழகிக்கொண்டிருந்தான். புத்தகத்தோடு ஒலிப்பதிவும் உண்டு. ஒவ்வொரு மெட்டும் முதலில் மெதுவாக வரும், பிறகு அதன் வேகத்தில். இரண்டுக்கும் முன்னால் ஒருவன் நாலு வரை எண்ணுவான்.

"இதுக்குத்தான கைய ஒளிச்ச?" அண்ணன் பேசும்போது ரத்தம் தெறித்தது. "இது உனக்குச் சோறு போடுமாடா?"

"அண்ணே, அதைக் கீழ வை. என்னை அடி."

"உன்னை அடிச்சா என் பல்லு முளைக்குமா? ஒரு விரல் குடு. இல்லன்னா இதைச் சுவத்துல அடிச்சு நொறுக்கிருவேன்."

லூட்டின் கழுத்தைப் பிடித்து ஓங்கினான். சுத்தியல் வலது கையை நீட்டினான், மோதிர விரலை மட்டும் தனியே பிரித்து.

நீட்டுவான் என்று அண்ணன் நினைத்திருக்கவில்லை. சொன்ன சொல்லுக்காக லூட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு, விரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினான். பச்சைக் குச்சி ஒடிகிற சத்தம். சுத்தியல் தலையணையைக் கடித்துக்கொண்டான்.

குச்சி வைத்துத் துணி சுற்றியதும் அண்ணன்தான். "மூதேவி, கைய ஆட்டாத" என்று திட்டிக்கொண்டே கட்டினான். பிறகு வாய் கழுவப் போனான்.

திரும்பி வந்தபோது சின்ன ஸ்பீக்கரில் மெதுவான மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. தம்பியும் கூடவே வாசித்துக்கொண்டிருந்தான். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாறி மாறி மீட்டின. சுண்டு விரல் பலகையில் ஊன்றி நின்றது. கட்டுப் போட்ட விரலுக்கு அங்கே வேலையே இல்லை.

"டேய், எனக்கே காதுல பூ சுத்துறியா?"

"விட்டுருண்ணே."

"கட்டை விரலக் கொண்டா."

அண்ணன் பாய்ந்து கட்டை விரலைப் பிடித்துத் திருகினான். கணு பிசகியது. சுத்தியல் கையைப் பிடுங்கி, மடங்குகிற விரல்களை மட்டும் மடக்கி, ஓங்கி ஒன்று வைத்தான். அண்ணன் கதவில் மோதிச் சரிந்தான்.

மோதிர விரல் குச்சியோடு பக்கவாட்டில் தொங்கியது. கட்டை விரலை அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. ஸ்பீக்கரில் அந்த ஆள் வேகமான மெட்டுக்கு நாலு வரை எண்ணிவிட்டு ஆரம்பித்தான்.

தரையில் கிடந்த அண்ணன் இன்னொரு பல்லைத் துப்பினான்.

"இதைத்தானேடா காலையில கேட்டேன்."