பத்து சென்டிமீட்டர் கோடு

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் தயாரிப்பது என் அக்காவின் வேலை. நாற்பது குடும்பங்கள் அவள் அனுப்புவதைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளும். ஆனால் எந்தத் தாளையும் முதலில் செய்து பார்ப்பவள் அவளுடைய எட்டு வயது மகள்தான்.

அன்று அளவுப் பாடம். ‘இந்தக் கோடு பத்து சென்டிமீட்டர். அளந்து சரிபார்’ என்று தாளில் இருந்தது. மகள் ஸ்கேலை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“அம்மா, இது ஒன்பதரைதான் இருக்கு.”

“ஸ்கேலைச் சரியா வெச்சுப் பாரு கண்ணு.”

“மூணு தடவை வெச்சாச்சு. வேணும்னா நீயே அளந்துக்கோ.”

அக்கா அளந்தாள். ஒன்பதரையேதான். பக்கத்துக்குள் அடங்கட்டும் என்று பிரிண்டர் எல்லாவற்றையும் சுருக்கியிருந்தது. ஒரு கணம் அவள் முகம் வாடியது. பிறகு சிரித்துவிட்டாள்.

“அச்சடிச்சதுன்னு நம்பாம அளந்து பாத்தே பாரு, அதான்டி கெட்டிக்காரத்தனம்!”

அனுப்புவதற்கு முன் கேள்வியை மாற்றினாள்: ‘இந்தக் கோடு உன் வீட்டுத் தாளில் எவ்வளவு நீளம்? அளந்து எங்களுக்கு எழுது.’

சாயங்காலத்துக்குள் பதினேழு வீடுகளிலிருந்து பதில் வந்தது. எல்லாவற்றையும் சீட்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, யார் வீட்டுப் பிரிண்டர் அதிகம் சுருக்குகிறது என்று மகள் கண்டுபிடிக்க உட்கார்ந்தாள்.