அடையாளம் தெரியாத கருவி

பாடகர் காஸ்மோ லேன் உயிரோடு இருந்தபோது வெளியிட்ட இசைத்தட்டுகள் மூன்று. அவர் செத்த பிறகு நாங்கள் வெளியிட்டவை பதினொன்று. எல்லாம் அவர் ஒதுக்கித் தள்ளிய சரக்கு. பாடிப் பார்த்துப் பிடிக்காமல் விட்டது, பாதியில் இருமல் வந்து நின்றது, வீட்டில் உட்கார்ந்து மாதிரிக்குப் பாடி வைத்தது. மனுஷன் வேண்டாம் என்று தூக்கிப் போட்டதை எடுத்துத் துடைத்துப் பெட்டியில் போட்டு விற்பது என் பிழைப்பு. இதில் எனக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை.

இங்கிலாந்தில், டட்லி ஊர்க் கடைத்தெருவில் தரைவிரிப்பு விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் டேப் காப்பகம். அங்கே நான் டேப் ஓட்டுகிறவள். பழைய டேப்பைச் சுத்தம் செய்து, ஓடவிட்டு, கணினியில் ஏற்றுவேன். என் தலைக்கு மேலே ட்ரெவர் பேலிஸ். ரிட்டயரான வேதியியல் வாத்தியார், ரசிகர் மன்றத் தலைவர், காஸ்மோவைக் கரைத்துக் குடித்தவர். வெள்ளிக் கால்சட்டையும் அடுக்குச் செருப்புமாக, கன்னத்தில் மினுக்குப் பொடி பூசிக்கொண்டு காஸ்மோ ஆடிய காலத்தில் ட்ரெவர் பள்ளிக்கூடப் பையன். அப்போது பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. நல்ல மனிதர்தான். பேச ஆரம்பித்தால் மட்டும் டீ ஆறிவிடும்.

காஸ்மோவிடம் ஒரு தந்திரம் இருந்தது. டேப்பை மெதுவாக ஓடவிட்டு அதில் பாடுவார். பிறகு சரியான வேகத்தில் போட்டால் குரல் மேலே ஏறி, பாடுவது ஆணா பெண்ணா என்று புரியாமல் ஒலிக்கும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் அதற்குத்தான் கிறங்கினார்கள். அதனால் எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. கீச்சுக்குரலில் எந்த டேப் கிடைத்தாலும் அதன் வேகத்தைக் குறைத்து, அவருடைய நிஜக்குரலை வெளியே எடுப்போம். இதற்கு ‘இறக்குவது’ என்று பெயர். இறக்கத் தெரியாதவனை மன்றத்தில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.

அப்படி ட்ரெவர் இறக்கியதில் தலையாயது ‘தகர நிலா’. இந்த ஊரில் மதுக்கடை மூடும் நேரத்தில் எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டு அது. அதன் முதல் வடிவம், வெறும் கிட்டாரோடு யாரோ ஒரு வீட்டுச் சமையலறையில் பாடியது, காஸ்மோவுடைய மேனேஜரின் கார் கொட்டகையில் கிடைத்தது. குரல் கீச்சென்று இருந்தது. ட்ரெவர் இறக்கினார், இறக்கினார், காஸ்மோ வரும்வரை இறக்கினார். கொஞ்சம் தூக்கக் கலக்கத்தில் பாடுவது மாதிரி இருந்தாலும் காஸ்மோதான் என்று மன்றம் மொத்தமும் ஒத்துக்கொண்டது. இரண்டாவது சரணத்தில் ஊளையிடுவது போல் ஒரு சத்தம் வரும். அது எந்தக் கருவி என்பதில் மட்டும் சண்டை. இரவல் வாங்கிய சிந்தசைஸர் என்று ஒரு கட்சி, ரம்பத்தை வில்லால் தேய்த்தார் என்று இன்னொரு கட்சி. கட்டுரைகள் எழுதினார்கள். இரண்டு பேர் பேச்சுவார்த்தையே நிறுத்திக்கொண்டார்கள். ட்ரெவர் மட்டும் நியாயமாக, ‘அடையாளம் தெரியாத கருவி’ என்று எழுதி வைத்திருந்தார். வரப்போகும் ஆறு தட்டுப் பெட்டியில் அதுதான் முதல் பாட்டு.

பெட்டி அச்சுக்குப் போகும் வாரத்தில் கிளெனிஸ் ஹாட்ஜெட்ஸ் மாடியேறி வந்தாள். எழுபது தாண்டியவள், மழைக்கோட்டுக்காரி, முழங்கால் வலியைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே ஏறினாள். காஸ்மோவின் மேடை உடைகளைத் தைத்தது தான்தான் என்றாள். அது எங்களுக்கும் தெரியும், பழைய படங்களில் ஊசியும் நூலுமாக ஓரத்தில் நிற்பாள். அந்தச் சமையலறை டேப்பை ஒரு தடவை கேட்க வேண்டும் என்றாள்.

ட்ரெவருக்கு இது புதிது இல்லை. அந்தப் பாட்டில் கைதட்டியது நான், இந்தப் பாட்டில் குரைத்தது எங்கள் வீட்டு நாய் என்று மாதம் ஒருவர் வந்து நிற்பார்கள். பெட்டி வெளிவந்ததும் கேட்கலாமே என்று நாசூக்காகக் கழற்றிவிடப் பார்த்தார்.

“வாத்தியாரே, நான் பங்கு கேட்டு வரல. பேரு கேட்டும் வரல. ஒரு தடவ போடுங்க, கேட்டுட்டு நான்பாட்டுக்குப் போயிடறேன்.”

அப்படிக் கேட்டால் எப்படி மறுப்பது. ட்ரெவர் தன் இறக்கிய வடிவத்தைப் போட்டார். அவள் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

“யாருய்யா இந்தக் குடிகாரன்?” என்றாள்.

ட்ரெவரின் கழுத்து சிவந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அதற்குள் இரண்டாவது சரணம் வந்தது. ஊளைச் சத்தம் தொடங்கியதும் கிளெனிஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

“ஏன் இத இப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்க,” என்று மெதுவாகக் கேட்டாள். “அது வாத்தியமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அது என் பொண்ணு.”

பாடுவதும் காஸ்மோ இல்லை, தான்தான் என்றாள். மெட்டுக் கட்டியதும் அவள்தான். கிளிஃப்புக்கு, காஸ்மோவின் சொந்தப் பேர் அது, அவள் அப்படித்தான் சொன்னாள், ஒரு பாட்டை மனப்பாடம் பண்ண யாராவது பாடிக்கொடுக்க வேண்டுமாம். அதற்காகத் தன் சமையலறையில் பாடிப் பதிந்த டேப் இது. ட்ரெவர் பொறுமையாகத் தலையாட்டினார். பிறகு அந்தத் தந்திரத்தை, டேப் வேகத்தை, ஆண் குரலின் லட்சணத்தை, அவளுக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தார். அவள் குரலைப் பற்றி அவளுக்கே. எனக்கு எரிச்சல் வந்தால் வாய் பேசாது, கை பேசும். பெட்டியிலிருந்து அசல் டேப்பை எடுத்து மெஷினில் மாட்டி, இறக்காமல், இருந்த வேகத்திலேயே ஓடவிட்டேன்.

ஒரு இளம்பெண் பாடினாள். கணீரென்று, டட்லிக்காரி என்று உடனே சொல்லிவிடக்கூடிய பேச்சுவாடையோடு. இரண்டாவது சரணத்தில் கைக்குழந்தை ஒன்று வீரிட்டு அழுதது. கிட்டார் நின்றது. நாற்காலி நகர்ந்தது. கொஞ்சம் தள்ளிப்போய் அதே வரியை அவள் வாய்க்குள் பாடிக்கொண்டே நடந்தாள். குழந்தை விக்கியது, அடங்கியது. பாடகர் மைக்கிலிருந்து விலகிச் சென்று எதிரொலியைச் சோதிக்கிறார் என்று ட்ரெவர் இந்த இடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார்.

எங்களுக்கு இது ஏன் முன்பே காதில் விழவில்லை என்று கேட்கலாம். காதில் விழுந்தது, நாங்கள்தான் நம்பவில்லை. எங்களுக்கு விஷயம் தெரியும் அல்லவா.

ட்ரெவர் அளவுக் கருவியை எடுத்து வந்தார். பழைய டேப்புகளில் வீட்டு மின்சாரத்தின் ரீங்காரம் மெல்லியதாகப் பதிந்திருக்கும். இந்த நாட்டில் அதற்கு ஒரே சுருதிதான். வேகத்தில் தந்திரம் நடந்திருந்தால் அது இடம் மாறியிருக்கும். இறக்கும்போது தொல்லை என்று முதலில் வடிகட்டிக் கொட்டுவது அதைத்தான். அன்றைக்கு ட்ரெவர் அதை அளந்து பார்த்தார். இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் அளந்தார்.

“தப்பு என்னோடது, மிஸஸ் ஹாட்ஜெட்ஸ்,” என்றார். “ஒரு பொம்பளக் குரல எடுத்து, ஆம்பளையா ஆகுற வரைக்கும் இறக்கியிருக்கேன்.”

அவள் காதில் வாங்கவில்லை. இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினாள். போட்டேன். பிறகு அந்த அழுகை மட்டும் என்றாள். அதையும் போட்டேன். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. அழவில்லை அவள். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, காது மந்தமானவர்கள் கேட்பது போலக் கேட்டாள்.

ட்ரெவர் நேர்மையான ஆள். அச்சகத்துக்குப் போன் போடக் கிளம்பிவிட்டார். பெட்டியை நிறுத்துவேன், குறிப்பைத் திருத்துவேன், தகர நிலாவின் மெட்டும் முதல் குரலும் கிளெனிஸ் ஹாட்ஜெட்ஸ் என்று அட்டையிலேயே போடுவேன், பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடுவேன் என்று அடுக்கினார். தன் மானம் போவது பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

“போனக் கீழ வைங்க,” என்றாள் கிளெனிஸ். “அது யார் கொழந்தன்னு கேப்பாங்களா மாட்டாங்களா?”

ட்ரெவர் போனை வைத்தார். கேட்பார்கள். காஸ்மோ செருப்புக்கு அடித்தோல் போட்ட கடையைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் எங்கள் மன்றத்து ஆட்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார்கள்.

பிறகு அவளே சொன்னாள், கடையில் விலை சொல்வது மாதிரி. கல்யாணம் ஆகாமல் பிறந்த குழந்தை. ஆறு வாரம் வைத்திருந்தாள். அதன் பிறகு தத்து கொடுக்கும் அலுவலகத்துப் பெண் காரில் வந்து வாங்கிக்கொண்டு போனாள். அந்தக் காலத்தில் வேறு வழி யாரும் காட்டவில்லை. கையில் ஒரு போட்டோகூட இல்லை. பின்னாளில், பெற்றவர்களும் விசாரிக்கலாம் என்று சட்டம் மாறியதும் அலுவலகம் மூலமாக மகளைக் கேட்டுப் பார்த்தாள். பார்க்க விருப்பமில்லை என்று பதில் வந்தது.

“அது அவ இஷ்டம். அவளுக்குன்னு ஒரு வாழ்க்க இருக்கும். நீங்க என் பேரப் போட்டா, இந்தப் பைத்தியக்காரப் பசங்க ஒரே வாரத்துல அவ வாசல்ல கேமராவோட நிப்பாங்க. நீ காஸ்மோ பொண்ணான்னு கேப்பாங்க. அவன் இல்ல அப்பன். சொன்னா எவன் நம்பப் போறான்?”

“அப்ப அந்தப் பாட்டையே எடுத்துடறோம்,” என்றார் ட்ரெவர்.

“எடுத்தா ஏன் எடுத்தீங்கன்னு கெளறுவாங்க. நீங்க பண்ணி வெச்ச கூத்து அப்படியே இருக்கட்டும். பாடினது அவன், சத்தம் போட்டது ஏதோ பெட்டி. அதுல போய் கொழந்தய யாரும் தேட மாட்டாங்க.”

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஊரே பாடும் பாட்டு அவளுடையது. ஐம்பது வருஷமாக இன்னொருத்தன் பேரில் ஓடுகிறது, இப்போது கையில் ஆதாரம் இருக்கும்போதும் அவளே விட்டுக்கொடுக்கிறாள். அதை வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். இந்தப் பாட்டை வைத்துக்கொண்டு நீங்கள் மகாராணி மாதிரி இருந்திருக்கலாமே என்றேன். பாட்டு இன்னும் நூறு கட்டலாம் கண்ணு என்று மட்டும் சொல்லி, மழைக்கோட்டின் பித்தானைப் போட ஆரம்பித்தாள்.

காப்பகத்திலிருந்து ஒரு துண்டு டேப் வெளியே போகக் கூடாது என்பது ட்ரெவர் போட்ட சட்டம். அவரே அசல் டேப்பை மெஷினிலிருந்து கழற்றி, பெட்டியில் வைத்து, அவள் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டில் போட்டுக் கேட்க நான் ஒரு குறுந்தகடும் எடுத்துக் கொடுத்தேன். கணினியில் இருந்த பிரதியை அழித்தேன். யாராவது கேட்டால் டேப் பசைவிட்டு நாசமாகிவிட்டது என்று சொல்ல வேண்டியது. பழைய டேப்புக்கு அது சகஜம்.

பெட்டி வெளியீடு நகர மன்றத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட இந்த ஊர்ப் பண்டமான பட்டாணியும் ஈரல் உருண்டையும் கொடுத்தோம். இருநூறு கிழடுகள், கன்னத்தில் மினுக்குப் பொடி, இடுப்பில் பட்டன் போட முடியாத வெள்ளிக் கால்சட்டைகள். கிளெனிஸ் வந்து கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தகர நிலாவைப் போட்டார்கள். இரண்டாவது சரணம் நெருங்கியதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எங்கள் கூட்டங்களில் அந்தக் கருவி வரும் இடத்தை வாயாலேயே எல்லோரும் சேர்ந்து பாடுவது வழக்கம். இதை அவளிடம் சொல்லி வைக்க எனக்குத் தோன்றவில்லை. இருநூறு பேரும் கையை மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, தடித்த குரலில் அவள் குழந்தையின் அழுகையை அழுதார்கள். மேடையில் ட்ரெவர் மட்டும் வாயை மூடிக்கொண்டு செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிளெனிஸ் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவளும் பாடினாள். எல்லோருக்கும் மேலே, உச்சத்தில், குழந்தை அன்றைக்கு அழுத அதே சுருதியில். முன் வரிசைக்காரர் ஒருவர் திரும்பி, அபசுரமாகக் கத்தும் கிழவி யார் என்று முறைத்தார். அவள் நிறுத்தவில்லை.