முப்பத்தெட்டரை

மைதான வாசலில் காய்ச்சல் பார்க்கும் வேலையைக் கோச் வேறு யாரிடமும் விட்டதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் கருவியைக் காட்டி, எண்ணை நோட்டில் எழுதி, கையில் கிருமிநாசினி ஊற்றித்தான் உள்ளே விடுவார். பந்தைத் தலையால் முட்டாதே, தள்ளி நில், கத்தாதே என்று ஐந்து மாதமாக அந்தப் பெண்பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தியாயிற்று. அன்றைக்குத்தான் முதல் மேட்ச்.

கோல்கீப்பரின் முறை வந்தது. பாய்ந்து பிடிப்பதில் சூரி என்பதால் எல்லோருக்கும் அவள் பூனை. கருவி முப்பத்தெட்டரை டிகிரி காட்டியது, நல்ல காய்ச்சல். கோச்சுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேர்ந்து பயிற்சி எடுத்தவர்களைத் தவிர வேறு ஆளை இறக்கக் கூடாது என்பது கால்பந்துச் சங்கத்தின் உத்தரவு. இவளை விட்டால் கோலில் நிற்க ஆளில்லை.

"வெயில்ல ஓடி வந்தியா?"

"இல்ல சார், பஸ்லதான் வந்தேன். தலை வலிக்குது."

"வெயில்தான். குழாயில முகத்த நல்லா கழுவிட்டு, நிழல்ல கொஞ்சம் உக்காந்துட்டு வா."

இரண்டாவது தடவை முப்பத்தாறு புள்ளி எட்டு. ஈர நெற்றி வேறென்ன காட்டும்? அது தெரியாத பச்சைக் குழந்தையா அவர்? தெரிந்தேதான் அதை மட்டும் நோட்டில் எழுதினார். இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தும் விட்டார்கள்.

எட்டே நாளில் ஆறு பிள்ளைகள் படுத்தார்கள். பிள்ளைகள் தேறிவிட்டார்கள். ஆனால் இடது பக்கம் ஆடுகிறவளின் அப்பா, வேன் ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தார். சங்கத்து ஆட்கள் வந்து நோட்டைப் புரட்டினார்கள். எல்லாம் கச்சிதம். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லிப் போனார்கள். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று கோச் தள்ளிப் போட்டார். சொன்னால் வேலை போய்விடும். பதினாறு வருஷப் பிழைப்பாயிற்றே!

ஞாயிற்றுக்கிழமை பூனையின் அம்மா மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார். முகக்கவசத்துக்கு மேலே கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"சார், எங்கள மன்னிக்கணும். காய்ச்சலுக்கு மாத்திரையப் போட்டு மறைச்சுட்டு வந்தாளாம், பாவி மக. நேத்துதான் சொல்றா. தெருவுல ஒருத்தரும் எங்ககிட்ட முகம் கொடுத்துப் பேசல. வேன்காரர் வீட்டு வாசல்ல நின்னு மன்னிப்பு கேட்டுட்டுத்தான் இங்க வர்றோம்."

மாத்திரையா? கோச் பூனையைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவே இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை, அவரைக் காப்பாற்றப் பொய் சொல்லி, அத்தனை பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. இப்போதாவது சொல்ல வேண்டாமா, அந்த மனுஷன்? வாயைத் திறந்தார்.

"பரவாயில்லைங்க, சின்னப் பிள்ளைதானே. இனிமே இப்படிச் செய்யாதம்மா."

"சரி சார்" என்றாள் பூனை.

"கேட்டுக்கிட்டியா?" என்று அம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். "சார் பெரிய மனசு பண்ணி உன்னை மன்னிச்சிருக்காரு. காலத்துக்கும் மறந்துடாத."