செல்லம்மா சொன்னதும் சாயபு கேட்டதும்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல, கட்டுரை. ஹைதராபாத்தில் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிக் கிடக்கும் ஒரு பழைய குடியிருப்புக்கு மறுவாழ்வு உண்டா என்பது விஷயம். நான்கு பக்கம் எழுதியபின் படித்துப் பார்த்தேன். சாக்கடை வந்திருந்தது, சாலையும் வந்திருந்தது. ஓர் ஆள்கூட வரவில்லை.

அந்த வாரம் செகந்திராபாத்தில் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரம்மாள் சொன்னார்: "எங்க பெரியம்மா ஒருதரம் ஒருத்தி சொன்னதை மாத்திச் சொல்லிட்டாங்க. அதனால ஒரு தெருவே தப்பிச்சுது." அதற்குள் யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டார். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதியை நான்தான் கட்டினேன்.

2

"1937ஆம் ஆண்டு ஆதிக்மெட் மேட்டில் கல் கட்டடங்கள் கம்பீரமாக எழும்பி—"

(வேண்டாம். கட்டடத்தில் தொடங்கினால் மறுபடி கட்டுரையாகிவிடும்.)

"ஞானசௌந்தரிக்கு நான்கு பாஷை தெரியும்."

இது தேவலை. இங்கிருந்தே போகிறேன்.

ஞானசௌந்தரிக்கு நான்கு பாஷை தெரியும். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் தெலுங்கு, படித்தது இங்கிலீஷ், கடைவீதியில் பழகியது உருது. அப்பா தேவசகாயம் லாலாகுடா ரயில் பட்டறையில் ஃபிட்டர். அவள் கரிமேட்டில் ஓர் ஓட்டுக் கொட்டகையில் முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது.

கரிமேடு* என்பது பெயருக்கேற்ற இடம். என்ஜின் சாம்பலைக் கொட்டிக் கொட்டி ஒரு பள்ளம் தூர்ந்து போக, அதன்மேல் பட்டறைக் கூலிகள் வீடு போட்டுக்கொண்டார்கள். நாற்பத்திரண்டு வீடு, ஒரே கிணறு. மழை பெய்தால் தண்ணீர் போக வழி கிடையாது. தரை மாதக்கணக்கில் ஈரம் கக்கும். அந்தப் பக்கம் பல்கலைக்கழகம் எழும்ப எழும்ப, இந்தப் பக்கத்தைப் பார்ப்பவர்களுக்குக் கண் உறுத்தத் தொடங்கியது.

(* கரிமேடும், இனி வரப்போகும் இலாகாவும் என் கற்பனை. பழைய காகிதங்களில் தேடி ஏமாற வேண்டாம்.)

3

குடியிருப்புகளைச் சீர்திருத்தும் இலாகாவிலிருந்து முனீருத்தீன் என்ற இளம் இன்ஜினீயர் வந்தார். முதல் பிரதியில் இவரைக் கெட்டவராக எழுதினேன். தொப்பியும் பிரம்பும் கொடுத்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஜோட்டைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். பிரம்பைப் பிடுங்கிவிட்டு ஒரு குடையைக் கொடுத்திருக்கிறேன்.

அவர் கையில் இரண்டு யோசனைகள் இருந்தன. கரிமேட்டை இடித்துவிட்டு, ஜனங்களை ஐந்து மைலுக்கு அப்பால் புதுவீடுகளில் குடிவைப்பது ஒன்று. இங்கேயே மோரி என்கிற சாக்கடைக் கால்வாய் வெட்டி, குழாய் போட்டு, தரையை உயர்த்திக் கொடுப்பது இன்னொன்று. மேலதிகாரிகளுக்கு இடிப்பதில்தான் விருப்பம். தனக்கு மற்றதில்தான் என்று ஞானசௌந்தரியிடம் சொன்னார். ஆனால் நாற்பத்திரண்டு வீடும் ஒரே வாயாக, இங்கேயே இருக்கிறோம் என்று சொன்னால்தான் அதற்காக வாதாட முடியும். ஒரு வீடு மறுத்தாலும் அதைக் காட்டியே இடித்துவிடுவார்கள். இங்கே பாதிப் பேருக்குத் தமிழைத் தவிர வேறு தெரியாது. கூடவந்து சொல்ல முடியுமா?

அவள் போனாள். நாற்பத்தொரு வீடு இருக்கிறோம் என்றது. கடைசி வீடு செல்லம்மாவுடையது.

செல்லம்மா ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. புருஷன் பெருமாள் கொதிகலன் பிரிவில் வேலைக்குப் போயிருந்தான். ஐந்து வயது நீலா சுவரோரம் சாய்ந்து, விலா குழிய மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கள வேற எங்கயாச்சும் அனுப்பிடச் சொல்லுங்க டீச்சரம்மா. இந்த ஈரத்துல எம்பொண்ணு மூச்சு வாங்கிக்கினே கெடக்குது. இங்க இருந்தா எனக்குத் தங்கமாட்டா."

இன்ஜினீயர் பேனாவோடு ஞானசௌந்தரியைப் பார்த்தார். அவள் உருதுவில் சொன்னாள்: குழந்தைக்கு ஈரம் ஒத்துக்கொள்ளவில்லையாம், மோரியைச் சீக்கிரம் வெட்டித்தரச் சொல்கிறார்கள்.

அவர் எழுதிக்கொண்டார். செல்லம்மா கைநாட்டு வைத்தாள்.

4

ஏன் அப்படிச் செய்தாள்? "நாற்பத்தொரு குடும்பங்களின் நலனை எண்ணி" என்று எழுதி அடித்தேன். "தன் பள்ளிக்கூடம் போய்விடுமே என்று" என்று எழுதினேன். அதையும் அடித்தேன். அவளுடைய வீடும் அங்கேதான் இருந்தது. தேவசகாயம் பாடுபட்டு, ஈரம் ஏறாமல் தரைக்கு ஷாபாத் கல் பாவிய வீடு. எது முந்தி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. தெரிந்ததுபோல் நான் எழுதக் கூடாது.

5

மோரி வெட்ட உத்தரவு ஆவணியில் வந்தது. வேலை தொடங்கவில்லை, மழை முந்திக்கொண்டது. நீலாவுக்கு உதடு நீலம் பாரித்தது. ஞானசௌந்தரியால் இரண்டு நாள்தான் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது. மூன்றாம் நாள் போய்த் தாயையும் பிள்ளையையும் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

"ஏட்டி, நம்ம வீடு என்ன ஆஸ்பத்திரியா?" என்றார் தேவசகாயம். கேட்டுவிட்டு, தன் கட்டிலைத் தூக்கி உலர்ந்த அறையில் போட்டதும் அவர்தான்.

ஒரு மாதத்தில் குழந்தைக்கு இழுப்பு தணிந்தது. செல்லம்மா கிணற்றடியில் டீச்சரம்மாவின் புகழ் பாடினாள். ஒவ்வொரு வார்த்தையும் ஞானசௌந்தரியைச் சுட்டது. ஒரு நாள் மத்தியானம், அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நீங்க சொன்னதை நான் அப்படியே சொல்லல. மாத்திட்டேன்."

செல்லம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "தெரியும். நான் மூச்சுன்னேன், நீங்க மோரின்னீங்க. மோரி எங்க ஊர்லயும் மோரிதான். படிச்சவங்க ஏதோ நல்லதுக்குத்தான் சொல்றாங்கன்னு கையை வெச்சேன்."

செல்லம்மாவே மேலே கேட்டாள்:

"நான் சொன்னபடியே சொல்லியிருந்தா?"

"நாப்பத்திரண்டு வீடும் போயிருக்கும்க்கா."

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. எல்லாருக்காவ இருந்துக்கறியான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானே சரின்னிருப்பேனோ என்னவோ." முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். "நீங்க கேக்கல."

6

இங்கே மூன்று நாள் நின்றுபோனேன். இரண்டு முடிவுகள் மேசையில் கிடந்தன.

ஒன்று: செல்லம்மா மன்னித்துவிடுகிறாள், இருவரும் கட்டிக்கொண்டு அழுகி—

(அவள் வாயில் மன்னிப்பை வைக்க எனக்கு என்ன உரிமை? அவள் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்ல இந்தக் கதையில் ஏற்கனவே ஓர் ஆள் உண்டு.)

இன்னொன்று: நீலா இறந்துபோ—

(ஒரு பெண்ணைத் தண்டிப்பதற்காக இன்னொருத்தியின் பிள்ளையைக் கொல்வதா? கிழித்துப் போட்டேன்.)

நடந்தது இப்படி இருக்கட்டும். பிள்ளைக்காகச் செல்லம்மா அந்த வீட்டிலேயே இருந்தாள். ஆனால் கொல்லையில் தனி அடுப்பு மூட்டிக்கொண்டாள். ஞானசௌந்தரியுடன் பதினொரு நாள் பேச்சில்லை. பன்னிரண்டாம் நாள், வேறெங்கோ பார்த்தபடி கேட்டாள்: "சாயபு பாஷையில மூச்சுக்கு என்னா?"

"தம்."

"தம்," என்று சொல்லிப் பார்த்தாள். மறுநாள் வீட்டுக்கு என்ன சொல் என்று கேட்டாள். அதற்கடுத்த நாள் ஈரத்துக்கும் பொண்ணுக்கும் கேட்டாள்.

7

தை மாதத்துக்குள் மோரி வெட்டி முடிந்தது. குழாயில் தண்ணீர் வந்தது, தரைகள் ஒரு முழம் உயர்ந்தன. செல்லம்மா தன் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் சிலர் மூக்கைப் பொத்தாமல் அந்த வழியே நடந்தார்கள். முனீருத்தீன் புதிய யோசனையோடு வந்தார். வீட்டுக்கொரு அறை கட்டி, மாணவர்களுக்கு வாடகைக்கு விடலாம், அதற்கு வாசல்பக்கத்து இடத்தைத் தர வேண்டும், சம்மதமா?

செல்லம்மாவின் வாசலில் ஜோட்டைக் கழற்றப் போனார். ஞானசௌந்தரி அவர் கேட்டதைத் தமிழில், ஒரு சொல் குறையாமல் சொன்னாள். பதிலுக்குக் காத்து நின்றாள்.

செல்லம்மா அவள் கையைப் பிடித்து மெதுவாக விலக்கினாள். இன்ஜினீயரைப் பார்த்து, "நக்கோ சாப்," என்றாள். வேண்டாம் ஐயா என்று அர்த்தம். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, உடைந்த உருதுவில் மேலே பேசத் தொடங்கினாள்.

ஞானசௌந்தரி குழாயடிக்குப் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து இன்ஜினீயரின் முகமும் செல்லம்மாவின் முதுகும்தான் தெரிந்தன; குழாய்ச் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. ஒன்று எழுதினார். செல்லம்மா தலையை ஆட்டி மறுக்க, எழுதியதை அடித்தார். மறுபடி எழுதினார்.

வாடகை போதாது என்றாளா? அறையே வேண்டாம், வாசல் காற்று பிள்ளைக்கு வேண்டும் என்றாளா? அல்லது எங்களை இப்போதாவது அனுப்பிவிடு என்றாளா? எனக்குத் தெரியாது. நான் ஞானசௌந்தரியோடு குழாயடியில் நின்றுவிட்டேன். நீங்கள் கிட்டே போய்க் கேளுங்கள். அவள் சத்தமாகத்தான் பேசுகிறாள்.