உம்மு நதீம் வியாழக்கிழமை வருகிறாள்

1

இந்தக் கதை குளியலறைச் சாமான்கள் விற்கும் ஒரு கடையின் மாடியில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ஊரான மீனாவின் நல்லெண்ணச் சங்கம் அங்கேதான் கூடுகிறது. கடையும் மாடியும் தலைவர் வஜீஹுடையவை. வாடகை வாங்குவதில்லை, அதற்குப் பதிலாகப் பேசுகிறார். ஏழைகளுக்குச் சேவை செய்யக் கிளம்பிய எவரும் இத்தாலியக் கழிப்பறைக் கோப்பைகளின் வரிசையைக் கடந்துதான் படியேற வேண்டும்.

சங்கத்தின் ஆண்டு மலருக்கு மனதைத் தொடுகிற மாதிரி ஒரு பக்கம் வேண்டும் என்று வஜீஹ் கேட்டார். ஊரில் எழுதுகிறவள் என்று பெயர் எடுத்துவிட்டால் இதெல்லாம் வரும். உட்கார்ந்தேன்.

"திரிப்போலியின் துறைமுகமான மீனாவில், அந்திச் சூரியன் கடலைத் தழுவும் வேளையில், கருணை என்னும் ஒரு சிறு படகு—"

வேண்டாம். எங்கள் ஊரில் படகு என்றால், பிழைப்புத் தேடிக் கள்ளத்தனமாகக் கடல் தாண்டப் போய் மூழ்கியவர்களைத்தான் மக்கள் நினைத்துக்கொள்வார்கள்.

"மதாம் நுஹாத் ஒரு காலத்தில்—"

இதுவும் வேண்டாம். 'ஒரு காலத்தில்' என்றதுமே இப்போது அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துவிடும். அது தெரியாமல் இருக்கத்தான் நாங்கள் இத்தனை பாடுபட்டோம். ஆகவே மலருக்கு இது ஆகாது. உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் மீனாக்காரர் இல்லை. காய்கறிக் கடையில் அவரைப் பார்த்துத் தலையை ஒருபக்கம் சாய்த்து உச்சுக்கொட்டப் போவதில்லை.

2

எங்கள் சங்கத்து உறுப்பினரான நுஹாத் இந்த ஊரில் பாதிப் பேருக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர். வஜீஹுக்கும் சொல்லிக்கொடுத்தார், ஏறவில்லை. ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தை வங்கியில் போட்டார். பிறகு வங்கிகள் கதவைச் சாத்திக்கொண்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எங்களுக்கே அது இன்னும் முழுதாகப் புரியவில்லை. கணவர் இல்லை. மகள் மான்ட்ரியாலில் இருக்கிறாள். வாரம் தவறாமல் அழைப்பாள். எல்லாம் நன்றாக இருப்பதாக அம்மா சொல்வார்.

முதலில் கண்டுபிடித்தவள் சங்கத்தின் பொருளாளர் சிஹாம். அழகு நிலையம் நடத்துகிறவள், நுஹாதின் எதிர்வீட்டுக்காரி. நுஹாத் முடிக்குச் சாயம் போட வருவதை நிறுத்தினார். பாரிஸில் இப்போது நரைதான் நாகரிகம் என்றார். பிறகு அவர் ஜன்னல் இருட்டிப் போனது. அரசு மின்சாரம் இல்லாத நேரத்துக்காகத் தெரு ஜெனரேட்டருக்குக் கட்டுகிற சந்தாவை விட்டுவிட்டார். பிறகு ஒரு கூட்டத்தில், தட்டிலிருந்த பேரீச்சம்பழ பிஸ்கட்டுகள் இரண்டு கைக்குட்டைக்குள் போவதை சிஹாம் பார்த்தாள். அவ்வளவு அழகாக, ஒரு கடிதத்தை மடிப்பதுபோல மடித்தாராம்.

[இந்த இடத்தில் நீங்கள் கண்கலங்க வேண்டும் என்று எழுதவில்லை. அப்படி எழுதினேனோ? அந்த மடிப்பை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.]

எங்கள் சங்கத்தில் மாதாமாதம் சாமான் பெட்டி கொடுப்போம். பருப்பு, கோதுமை நொய், எண்ணெய், சர்க்கரை, தேயிலை. ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு குடும்பம். பெட்டியைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இந்த விதியை எழுதியவரே நுஹாத்தான். அவருக்கு நாங்கள் பெட்டி கொடுத்தால் என்ன ஆகும்? நன்றி சொல்வார், காபி போட்டுத் தருவார், அதன்பிறகு இந்தப் படியில் ஏறவே மாட்டார். மாதத்தில் அந்த ஒரு மாலைதான் அவரை இன்னும் எல்லோரும் மதாம் என்று எழுந்து நின்று கூப்பிடுகிற இடம். பெட்டி போகவேண்டும், அந்த மாலையும் போய்விடக் கூடாது. சிக்கல் இவ்வளவுதான்.

காபி போடும் மூலையில் சிஹாம் என் முழங்கையைப் பிடித்தாள்.

"நீ கதை எழுதறவதானே. ஒருத்திய உண்டாக்கேன்."

3

எங்கள் ஊரில் ஒரு பெண்ணை உண்டாக்க வேண்டுமென்றால் முதலில் அவளுக்கு ஒரு மகனை உண்டாக்க வேண்டும். மூத்த மகன் பெயரால்தான் அவளைக் கூப்பிடுவார்கள். ஆகவே முதலில் நதீம் பிறந்தான். அவன் பிறந்த கையோடு அவன் தாய், உம்மு நதீம், பிறந்தாள். படைப்பின் வரிசையே எங்களிடம் கொஞ்சம் தலைகீழ்.

நதீமை என்ன செய்வது? சிட்னிக்கு அனுப்பினால் பணம் அனுப்புவான், கதை முடிந்துவிடும். "கொன்னுடு" என்றாள் சிஹாம், ஒரு வாடிக்கையாளரின் நெற்றி முடியைப் பற்றிச் சொல்வதுபோல. மனம் வரவில்லை. சரக்குக் கப்பலில் சமையல்காரனாக்கிக் கடலில் விட்டேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறான்.

உம்மு நதீமை நுஹாதின் பொறுப்பில் விட்டு, அவரிடம் இப்படிச் சொன்னோம்: உம்மு நதீம் மானஸ்தி, தன் வீட்டுக்கு யார் வருவதையும் விரும்பமாட்டாள். பெட்டி உங்கள் வீட்டில் இருக்கட்டும், ஆள் பார்க்காத நேரத்தில் அவளே வந்து வாங்கிக்கொள்வாள். மாதக் கடைசிவரை வராவிட்டால் நீங்களே சமைத்துத் தீர்த்துவிடுங்கள், வைத்திருந்தால் பூச்சி வந்துவிடும்.

நல்ல கதை என்று நினைத்தேன். எங்கும் ஓட்டை தெரியவில்லை.

முதல் மாதக் கடைசியில் நுஹாத் பெட்டியைப் பிரிக்காமல் திரும்பக் கொண்டுவந்தார். கழிப்பறைக் கோப்பைகளின் நடுவே, மூச்சு வாங்க, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு.

"வரல. வேற யாருக்காவது குடுத்துடுங்க, பாவம், எத்தன பேர் காத்திருக்காங்க."

என் மனதில் அப்போது எழுந்தது இரக்கம் என்று எழுதினால் கதைக்கு நல்லது. எழுந்தது கோபம். இவ்வளவு சிரமப்பட்டு ஒருத்தியை உண்டாக்கியிருக்கிறேன், எங்கள் பருப்பைச் சாப்பிட்டால் என்ன குறைந்துவிடும் இவருக்கு? கொடுக்கிறவர்களுக்குள் இப்படி ஒரு கோபம் உட்கார்ந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். கொடுப்பதை வாங்க ஆள் இல்லையென்றால் நாம் யார்?

கோபத்தில் எழுதுவது எப்போதும் மோசமாகத்தான் வரும். "அவ வந்தாளாம் மதாம். நீங்க வீட்ல இல்லையாம்" என்றேன்.

பெட்டியோடு வீடு திரும்பிய நுஹாத் அடுத்த மாதம் முழுக்க வெளியே போகவில்லை. கடற்கரை நடை இல்லை, ஞாயிறு பூசை இல்லை. வாசல் கதவை ஒருக்களித்துவைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு, பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, இல்லாத ஒருத்திக்காகக் காத்திருந்தார். அழகு நிலையத்தில் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்த பெண்ணை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து சொன்னாள் சிஹாம்: "அவங்கள ஜெயில்ல போட்டுட்ட."

[கதாபாத்திரம் கதாசிரியரின் கையை மீறிப் போய்விடும் என்று எழுதுகிறவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். என்னுடையவள் வராமலே மீறினாள்.]

மூன்றாவது கூட்டத்துக்கு நுஹாத் வெறுங்கையோடு வந்தார். மேலங்கியைக் கழற்றி மடித்துவைத்தார். உட்கார்ந்தார்.

"வந்தாளா?" என்று கேட்டேன்.

"வந்தா" என்றார். "நொய் வயித்துக்கு ஒத்துக்கலயாம். பால்மாவு இருந்தா நல்லதுங்கறா. ரத்த அழுத்த மாத்திரையும் கேட்டா, இருந்தா குடுங்க."

சிஹாம் என்னைப் பார்க்கவே இல்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. பால்மாவு என்று எழுதிக்கொண்டோம்.

4

இனி வருகிற உம்மு நதீமை நான் எழுதவில்லை. பொறாமையோடுதான் சொல்கிறேன்.

நுஹாத் கொண்டுவந்த உம்மு நதீம் இடதுகாலை லேசாக இழுத்து நடப்பாள், சிகரெட் பிடிப்பாள், வாய் நீளம். நுஹாத் வாழ்நாளில் யாரைப் பற்றியும் ஒரு சொல் அதிகமாகப் பேசியவர் இல்லை. இப்போது கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினோம்: என்ன சொன்னாள்?

"பருப்புல இத்தன கல்லு கெடக்கே, உங்க சங்கத்துல யாரோ வீடு கட்டறாங்களான்னு கேட்டா."

இன்னொரு மாதம்: "போன தடவ தலைவர் பேசினப்ப கீழ படிகிட்ட நின்னாளாம். பேச்சு தொடங்கினப்ப வாங்கின ரொட்டி, முடியறப்ப காஞ்சுபோச்சாம்."

வஜீஹ்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். அவருக்கு எதுவும் தெரியாது. எங்கள் சங்கத்தில் உள்ள ஒரே புத்திசாலி உம்மு நதீம் என்று சிஹாம் சொன்னாள், யாரும் மறுக்கவில்லை.

நுஹாதுக்குத் தெரியுமா? இந்தக் கேள்வியோடுதான் நான் படுக்கிறேன், பல் தேய்க்கிறேன். தெரியும் என்றால், அவர் எங்களுக்காக நடிக்கிறார். நாங்கள் பெட்டியை அவருக்குக் கொடுத்தோம், அவர் எங்கள் மானத்தை எங்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறார். தெரியாது என்றால், அந்த ஒருக்களித்த கதவைத் தள்ளிக்கொண்டு உண்மையிலேயே யாரோ ஒருத்தி வந்துவிட்டாள். இந்த ஊரில் அதற்கா ஆள் இல்லை? நுஹாதின் கன்னம் தேறியிருக்கிறது என்கிறாள் சிஹாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. மாத்திரைகள் யார் வயிற்றுக்குப் போகின்றன என்று நான் எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இதை நாகரிகம் என்று சொல்லிக்கொள்கிறேன். பயம் என்று நீங்கள் படித்துக்கொள்ளலாம்.

5

பிறகு வஜீஹ் படம் வேண்டும் என்றார்.

எங்கள் ஆண்டு மலரில் இதுவரை முகங்கள் வந்ததில்லை. முகம் காட்ட வெட்கப்படுகிறார்கள் என்று கைகளை மட்டும் படம் எடுப்போம். பக்கத்துக்குப் பக்கம் பெட்டியைப் பிடித்த கைகள். பார்ப்பவர்கள் ஏதோ மோதிரக் கடை விளம்பரம் என்று நினைத்துக்கொள்வார்கள். இப்போது வெளிநாட்டில் வாழும் ஊர்க்காரர்கள் சிலர் வருகிறார்கள், உதவி செய்ய ஆசைப்படுகிறார்கள், வியாழக்கிழமை எல்லாக் குடும்பங்களும் மேடைக்கு வந்து பதாகையின் கீழ் நின்று பெட்டி வாங்க வேண்டும்.

"கையப் பாத்து யாரும் காசு தரமாட்டான். மொகம் இல்லன்னா பெட்டி இல்ல" என்றார். "முக்கியமா உம்மு நதீம். அவளப் பாக்காம நான் சாகமாட்டேன்."

சிஹாமும் நானும் காபி மூலைக்குப் போனோம். முடிவுகளைப் பரிசீலித்தோம்.

முடிவு அ: சிஹாமின் சித்தி மகளுக்கு முக்காடு போட்டு, காலை இழுத்து நடக்கச் சொல்லிக் கூட்டிவருவது. [அவளை வஜீஹுக்குத் தெரியும். அவளுக்குக் குளியல்தொட்டி விற்றிருக்கிறார்.]

முடிவு ஆ: உம்மு நதீமைக் கொல்வது. [உடனே சங்கம் மொத்தமும் துக்கம் கேட்கக் கிளம்பிவிடும். எந்த வீட்டில் உட்கார்ந்து சர்க்கரை போடாத காபியைக் குடிப்பது? அதோடு பெட்டியும் நின்றுபோகும்.]

முடிவு இ: நதீம் பெரும்பணத்தோடு கப்பலிலிருந்து இறங்கி— [எனக்கே சிரிப்பு வந்தது.]

முடிவு ஈ: வஜீஹிடம் உண்மையைச் சொல்வது. இதைத்தான் அதிக நேரம் யோசித்தோம். அவர் கெட்டவர் இல்லை. அழுதுவிடுவார். அங்கேதான் ஆபத்து. என் ஆசிரியை என்று ஒலிபெருக்கியில் சொல்லி, அவரை மேடைக்கு அழைத்து, கையை முத்தமிட்டு, இரண்டு பெட்டி கொடுப்பார். வஜீஹின் அன்பிலிருந்து தப்பிப் பிழைத்தவர்கள் குறைவு.

நாங்கள் திரும்பி வந்தபோது நுஹாத் எழுந்து நின்றிருந்தார். வகுப்பில் நிற்பதுபோல, மேஜை விளிம்பில் இரண்டு விரல்.

"நான் கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

6

கீழே, கைகழுவும் தொட்டிகளுக்கு நடுவில் அவரைப் பிடித்தேன்.

"மதாம், அவ கூட்டத்துக்கெல்லாம் வர்ற ஆள் இல்லையே. நான் வேணா—"

"நீ வேணா என்ன பண்ணுவ மகளே? அவளுக்குக் காய்ச்சல்னு சொல்லுவியா?"

 அதைத்தான் சொல்லலாம் என்று இருந்தேன்.

அவர் ஒரு குழாயைத் திருகினார். தண்ணீர் வரவில்லை, காட்சிக்கு வைத்தது.

"பசிக்குதுன்னு சொல்றதுல அவளுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. அது பழகிடும். வாங்கினதும் கை தட்டுவாங்க பாரு, அதுக்குத்தான் அவ பயப்படறா. யாரும் தட்டாமப் பாத்துக்கறியா?"

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என் கன்னத்தை ஒருமுறை தட்டிவிட்டுப் போனார். அவர் கால் இழுக்கிறதா என்று பார்த்தேன். அன்று மழை, எல்லோருமே பார்த்துத்தான் நடந்தார்கள்.

7

வியாழக்கிழமை. பதாகை கட்டியாயிற்று. விருந்தினர்கள் முன்வரிசையில், வாசனையோடு. ஒவ்வொரு குடும்பமாக வருகிறது, வாங்குகிறது, கைதட்டல் எழுகிறது, ஒவ்வொருவரும் அந்தச் சத்தத்தின் கீழ் கொஞ்சம் குனிந்தே நடந்து போகிறார்கள். இத்தனை வருடமாக நானும் தட்டியிருக்கிறேன். இப்போதுதான் அந்தக் குனிவைப் பார்க்கிறேன்.

வஜீஹ் ஒலிபெருக்கியில் உம்மு நதீமின் பெயரைச் சொல்கிறார்.

எழுதுகிறவளுக்கு இந்த இடத்தில் நிறைய அதிகாரம் உண்டு என்பார்கள். நான் செய்தது இவ்வளவுதான்: சிஹாமும் நானும் தட்டுகளோடு வரிசை வரிசையாகப் போனோம். ஒவ்வொருவருக்கும் ஒரு கையில் சூடான காபி, மறுகையில் பாகு சொட்டுகிற இனிப்பு. வைக்க மேஜை எதுவும் இல்லாமல் முன்பே நகர்த்திவிட்டோம். பெட்டியை வஜீஹிடம் கொடுத்து, நீங்களே தூக்கிப் பிடித்தால் படம் கம்பீரமாக வரும் என்றேன். தூக்கிப் பிடித்திருக்கிறார். கனமானது, எண்ணெய் இரண்டு டின் கூடுதலாக வைத்திருக்கிறாள் சிஹாம்.

கீழே கடைக் கதவு திறக்கிற சத்தம். கழிப்பறைக் கோப்பைகளின் நடுவே யாரோ நடந்து வருகிறார்கள். ஒருவரா, இருவரா, காலை இழுத்து நடப்பவரா, இங்கிருந்து தெரியவில்லை. தெரிந்தாலும் எழுதப் போவதில்லை. நுஹாதும் யாரோ ஒரு பெண்ணும் வரலாம். நுஹாத் மட்டும் வரலாம், நேராக மேடைக்குப் போய்ப் பெட்டிக்குக் கை நீட்டலாம். யார் நுழைகிறார்கள் என்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மதாமுக்குக் கொடுத்த வாக்கில் என்னால் செய்ய முடியாத ஒன்றே ஒன்றை மட்டும் கேட்கிறேன்.

படியில் காலடி நின்றுவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். இந்தக் கூடத்தில் இப்போது காலியாக இருப்பவை உங்கள் கைகள் மட்டும்தான்.